பந்துக்குப் பின்னால் ஒரு வரைபடம்
நாடு பிடிக்கக் கிளம்பிய ரக்பி லீக், போகும் வழியில் தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டது

சிட்னியில் 2024 டிசம்பர் 12-ஆம் தேதி இரண்டு பிரதமர்கள் சேர்ந்து நின்று ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். ஒருவர் ஆஸ்திரேலியாவின் ஆந்தனி அல்பனீஸி. மற்றவர் பாப்புவா நியூ கினியின் ஜேம்ஸ் மராப்பே. விவகாரம் போர்க்கப்பலோ எரிவாயுவோ அல்ல. ஒரு ரக்பி அணி. ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டிகளில் 2028-லிருந்து பாப்புவா நியூ கினி அணி ஒன்று ஆடும். அதற்கும் பசிபிக் தீவுகளில் அந்த விளையாட்டை வளர்ப்பதற்கும் ஆஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தரும். நம் கணக்கில் மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல்.

ஒரு விளையாட்டு அணிக்கு இவ்வளவு தாராளம் ஏன்? விடை மைதானத்தில் இல்லை, வரைபடத்தில் இருக்கிறது. பக்கத்திலுள்ள சாலமன் தீவுகள் 2022-ல் சீனாவுடன் பாதுகாப்பு உடன்பாடு செய்துகொண்டபோது கான்பெர்ராவில் பலருக்குத் தூக்கம் போனது. அடுத்தது போர்ட் மோர்ஸ்பியாக இருந்துவிடக் கூடாதே என்ற கவலைக்கு ரக்பி லீக் மருந்தாகியிருக்கிறது. எண்ணூறுக்கும் அதிகமான மொழிகள் பேசும் அந்த நாட்டில் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு விளையாட்டுதான். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ஆட்டம் நடக்கும் இரவில், கடல் தாண்டி இருக்கும் மலைக்கிராமங்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். சில ஆண்டுகளில் அது அடிதடியாகி உயிர்ப்பலியும் நேர்ந்திருக்கிறது.

இந்திய வாசகர்களுக்கு ரக்பி என்றால் அதிகம் போனால் கல்கத்தா கோப்பை நினைவுக்கு வரும். கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயர்களின் கிளப்பை மூடியபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிச் செய்த கோப்பை அது. ஆனால் அதற்காக இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆடுவது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். ரக்பி லீக் அதன் பங்காளி. இதில் 13 பேர். பந்தோடு ஓடுபவரை எதிரணி மடக்கி வீழ்த்தினால் அது ஒரு டாக்கிள். விழுந்தவர் எழுந்து, பந்தைத் தரையில் வைத்து, காலால் பின்னால் தள்ளிவிட்டு மறுபடி ஆட்டத்தைத் தொடங்கலாம். ஆறு டாக்கிளுக்குள் கோட்டைத் தாண்டிப் பந்தை வைக்காவிட்டால் பந்து எதிரணிக்கு. சடுகுடு தெரிந்தவர்களுக்கு இது புரியக் கஷ்டமில்லை. மூச்சுக்குப் பதில் எண்ணிக்கை, அவ்வளவுதான்.

பங்காளிச் சண்டைக்குக் காரணம் கூலி. இங்கிலாந்தின் வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை பார்த்தவர்கள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். அதை ஈடுகட்ட கிளப்புகள் பணம் தரலாம் என்று வடக்கத்தியர்கள் கேட்டார்கள். கனவான்களின் விளையாட்டில் காசா என்று லண்டன் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29-ல் ஹட்டர்ஸ்ஃபீல்ட் நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய கிளப்புகள் தனிக்குடித்தனம் போயின. (அதே ரக்பி யூனியன் 1995 ஆகஸ்டில், கிட்டத்தட்ட நூறாண்டு நிறைவு நாளில், தன் வீரர்களுக்குப் பகிரங்கமாகச் சம்பளம் தர முடிவு செய்தது. கனவான்களுக்குக் கணக்குப் புரிய ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது.)

கூலி கொடுக்க வேண்டுமானால் டிக்கெட் விற்க வேண்டும். டிக்கெட் விற்க ஆட்டம் விறுவிறுப்பாக இருக்க வேண்டும். இந்த விளையாட்டின் தலையெழுத்து அன்றே எழுதப்பட்டுவிட்டது. 1897-ல் பந்தை வெளியிலிருந்து எறிந்து தொடங்கும் லைன்அவுட் ஒழிந்தது. 1906-ல் இரண்டு ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். ஓட இடம் கிடைத்தது. மறு ஆண்டே ஆல்பர்ட் பாஸ்கர்வில் என்ற நியூசிலாந்து இளைஞர் ஓர் அணியைத் திரட்டிக்கொண்டு கப்பலேற, 1908-ல் சிட்னியில் லீக் போட்டி தொடங்கிவிட்டது. பாஸ்கர்வில்லுக்கு அதன் வளர்ச்சியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஆண்டு பிரிஸ்பேனில் நிமோனியாவில் இறந்துபோனார்.

பிரான்சில் 1934-ல் கால் பதித்த விளையாட்டு வேகமாகப் பரவியது. ஆனால் ஜெர்மானியருக்குப் பணிந்த விஷி அரசு 1941-ல் அதைத் தடை செய்து சொத்துகளைப் பறிமுதல் செய்தது. போருக்குப் பிறகு தடை நீங்கினாலும் ரக்பி என்ற பெயரைப் பயன்படுத்தும் உரிமை பல பத்தாண்டுகளுக்குத் திரும்பவில்லை. 'பதின்மூவர் ஆட்டம்' என்றே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு விளையாட்டின் பெயரைப் பறிமுதல் செய்த அரசுகள் உலகில் அதிகம் இருக்காது.

இந்தக் காலம் முழுக்க டாக்கிளுக்கு எண்ணிக்கை கிடையாது. பந்தைத் தவறவிடாத அணி அதை எத்தனை நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். சிட்னியின் செயின்ட் ஜார்ஜ் அணி 1956 முதல் 1966 வரை தொடர்ந்து 11 முறை பட்டம் வென்றது. ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், மற்றவர்களுக்குக் கொட்டாவி. 1967-ல் ஆஸ்திரேலியாவில் நான்கு டாக்கிள் என்று வரம்பு வந்தது. அந்த ஆண்டே செயின்ட் ஜார்ஜின் ஆதிக்கம் முடிந்தது. நான்கு என்பது அவசரக் கோலமாகத் தெரியவே 1970களின் தொடக்கத்தில் ஆறாக்கினார்கள்.

ஒரே ஓர் எண் ஆட்டத்தின் மூளையையே மாற்றிவிட்டது. ஆறாவது முறை விழுவதற்குள் பந்தை உதைத்து எதிரணியின் எல்லைக்குத் தள்ள வேண்டும் என்பதால் உதைப்பவர் முக்கியமானார். ஜான் பியர்ட் என்ற சிட்னி வீரர் பந்தை வானத்துக்கு உதைத்து, அது இறங்கும் இடத்தில் எதிரணியைத் தவிக்கவிட்டார். 'பாம்' என்று அந்த உதைக்குப் பெயர் வந்தது. அவரும் 'பாம்பர்' ஆனார். 1983-ல் ஒரு ட்ரைக்கு மூன்று புள்ளி நான்கானது. தற்காப்பு அணி ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் போதும் என்ற விதி 1990களின் தொடக்கத்தில் பத்து மீட்டரானது. தோளோடு தோள் முட்டிப் பந்துக்குப் போராடிய ஸ்க்ரம் வெறும் சடங்காகிப்போனது. பெரிய உடம்பும் சின்ன உடம்பும் தனித்தனி வேலை செய்த காலம் மறைந்து, நூறு கிலோ எடையோடு நூறு மீட்டர் ஓட்டக்காரனைப் போல ஓடக்கூடிய ஒரே அச்சில் வார்த்த உடம்புகள் வந்தன. எல்லா அணியும் ஒரே மாதிரி ஆடுகிறது என்ற பழைய ரசிகர்களின் புலம்பலில் நியாயம் இல்லாமல் இல்லை.

இந்த வேகத்தை வாங்க ஒருவர் காத்திருந்தார். ரூபர்ட் மர்டாக். கட்டணத் தொலைக்காட்சிக்குச் சரக்கு தேவைப்பட்ட அவர் 1995 ஏப்ரலில் வீரர்களையும் கிளப்புகளையும் மொத்தமாக விலைபேசத் தொடங்கினார். எதிர்முகாமில் கெர்ரி பாக்கர். 1977-ல் கிரிக்கெட் உலகத்தையே விலைக்கு வாங்கிய அதே பாக்கர் இந்த முறை பழைய நிர்வாகத்தின் காவலர்! 1997-ல் ஆஸ்திரேலியாவில் இரண்டு போட்டிகள் தனித்தனியாக நடந்து இரண்டும் நஷ்டப்பட்டன. 1998-ல் சமாதானம். அணிகளைக் குறைக்கும் கணக்கில், 1908-ல் தொடங்கிய சவுத் சிட்னி அணியை 1999 முடிவில் வெளியே தள்ளினார்கள். பல்லாயிரம் பேர் தெருவில் ஊர்வலம் போனார்கள். வழக்குக்குப் பின் 2002-ல் அணி திரும்பியது. 2014-ல் பட்டமே வென்றது.

இங்கிலாந்தில் மர்டாக்கின் 8.7 கோடி பவுண்டு குளிர்கால ஆட்டத்தைக் கோடைக்கு மாற்றியது. மூன்று பழைய சுரங்க ஊர்களின் அணிகளான காசில்ஃபோர்டு, ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்டு ஆகியவற்றை இணைத்து 'கால்டர்' என்று ஒன்றாக்கலாம் என்றும் ஒரு யோசனை. சுரங்கம் மூடிப்போன ஊர்களில் மிச்சமிருந்த ஒரே பெருமையும் போய்விடுமா என்று மக்கள் கொதிக்க, திட்டம் கைவிடப்பட்டது. ஊருக்கு ஓர் அணி என்பது கணக்கப்பிள்ளைக்கு வீண் செலவு. ஊருக்கு அதுதான் முகவரி.

புதிய ஊர்களைப் பிடிக்கும் ஆசையின் கணக்கு அவ்வளவு லாபகரமாக இல்லை. 1996-ல் பாரிஸ் அணி முதல் ஆட்டத்தில் 17,000-க்கும் மேற்பட்டவர்கள் முன்னால் ஷெஃபீல்டை வென்றது. இரண்டே ஆண்டில் காணாமல் போனது. லண்டன் அணி 1980-ல் பிறந்ததிலிருந்து பெயரை மாற்றி மாற்றிப் பார்க்கிறது, அதிர்ஷ்டம் மாறவில்லை. கனடாவின் டொரொன்டோ அணி மூன்றாம் பிரிவிலிருந்து ஏறி 2020-ல் சூப்பர் லீக்கை எட்டியது. நட்சத்திர வீரர் சோனி பில் வில்லியம்ஸையும் பெரும் பணம் கொடுத்து அழைத்தது. கொரோனா வந்தது, பாதியில் விலகியது, மறுபடி சேர்க்க மற்ற கிளப்புகள் மறுத்துவிட்டன. அடிலெய்டு இரண்டு ஆண்டு தாங்கியது. பெர்த் மூன்று ஆண்டு. சிட்னியிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் எதிரணிகளின் பயணச் செலவும் பெர்த் தலையில்தான்!

வேரூன்றியவையும் உண்டு. 1998-ல் பிறந்த மெல்பர்ன் மறு ஆண்டே பட்டம் வென்றது. பிரெஞ்சுக் கேட்டலன்ஸ் அணி 2018-ல் இங்கிலாந்தின் சேலஞ்ச் கோப்பையைக் கொண்டுபோனது. வித்தியாசம் என்ன? கேட்டலன்ஸின் பெர்பிக்னான் பகுதியில் ஆட்டம் ஏற்கெனவே தலைமுறைகளாக இருந்தது. மெல்பர்னிலோ ஆட்டம் இல்லை. ஆனால் பணமும் பொறுமையும் இருந்தன. இரண்டில் ஒன்றாவது இல்லாத இடத்தில் நட்ட செடி பிழைக்கவில்லை.

மெல்பர்ன் இன்னொன்றையும் தந்தது. பத்து மீட்டர் விதியால் எதிரணி பாய்ந்து வந்தால் என்ன செய்வது? விழுந்தவரை எழவிடாமல் சில விநாடி அமுக்கிவைத்தால் நம் ஆட்கள் அணிவகுத்துவிடலாம். பயிற்சியாளர் கிரெய்க் பெல்லமி மல்யுத்த ஆசிரியரையே வைத்துச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்களும் பின்தொடர, வேகத்துக்குப் பெயர்போன ஆட்டம் மூன்று பேர் ஒருவர்மேல் படுத்துக்கிடக்கும் காட்சியானது.

நிர்வாகம் 2020 மே மாதம் பதிலடி கொடுத்தது. கொரோனா இடைவேளைக்குப் பின், அமுக்கி வைப்பவர்களுக்குத் தண்டனையாக ஆட்டத்தை நிறுத்தாமல் எதிரணிக்குப் புதிதாக ஆறு டாக்கிள். மறு ஆண்டு அந்தத் தண்டனையை வேறு குற்றங்களுக்கும் நீட்டினார்கள். ஆட்டம் பறந்தது. கூடவே நியாயமும் பறந்தது. மூச்சு வாங்க இடைவெளி இல்லாததால் பலவீனமான அணிகள் 2021-ல் வாரந்தோறும் துவைத்தெடுக்கப்பட்டன. 2022-ல் விதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டியதாயிற்று. தொலைக்காட்சிக்கு வேகம் பிடிக்கும். ஆனால் பாதி நேரத்திலேயே முடிவு தெரிந்த ஆட்டத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது?

இதைவிடப் பெரிய கணக்கு தலைக்குள் இருக்கிறது. தொடர்ந்த அடியால் வரும் மூளைச் சிதைவு நோய் இரண்டு முன்னாள் ஆஸ்திரேலிய ரக்பி லீக் வீரர்களின் மூளையில் இருந்ததாக 2019-ல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். 2021 மே மாதம் தலைக்கு மேல் கை போனால் வெளியேற்றம் என்று நடுவர்கள் கெடுபிடி காட்ட, ஆட்டம் கெட்டது என்று கூச்சல். உடம்பின் எடையையும் ஓட்டத்தின் வேகத்தையும் ஏற்றிவிட்ட விதிகளைப் பற்றி மட்டும் கூச்சல் போட்டவர்கள் பேசவில்லை.

விரிவாக்கம் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் தந்தவர்கள் நிர்வாகிகள் அல்ல, தீவுக்காரர்கள். 2017-ல் ஜேசன் டௌமலோலோ பெரிய நாடான நியூசிலாந்தை விட்டு, பெற்றோரின் பூமியான டோங்காவுக்கு ஆட முடிவு செய்தார். அந்த டோங்கா உலகக் கோப்பையில் நியூசிலாந்தை 28-22 என்று வீழ்த்தியது. 2022-ல் சமோவா முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60-6 என்று உதை வாங்கி, நான்கு வாரம் கழித்து அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27-26 என்று சாய்த்தது. சந்தை ஆய்வு எதுவும் இதைச் சொல்லியிருக்காது.

இப்போது தேசிய லீக்கில் 17 அணிகள். 1999 முடிவில் வாழ்விழந்த நார்த் சிட்னி பேர்ஸ் 2027-ல் பெர்த்தின் அணியாக மறுபிறவி எடுக்கிறது. அடுத்த ஆண்டு பாப்புவா நியூ கினி. அங்கே போய் ஆடும் வீரர்களுக்கு வருமான வரி இல்லை. காவலோடு கூடிய குடியிருப்பு உண்டு. 2024 ஜனவரியில் போர்ட் மோர்ஸ்பியில் கலவரம் வெடித்துக் கடைகள் எரிந்ததை நினைத்தால் இந்த ஏற்பாடு மிகையில்லை. ஆனால் வரிவிலக்கு வெளியிலிருந்து நட்சத்திரங்களைத்தான் இழுக்கும். மலையிலிருந்து இறங்கிவரும் பையன்களுக்கு வேண்டியது பள்ளி மைதானமும் பயிற்சியாளரும் வேளைக்குச் சோறும்.

திறமை இருப்பதில் சந்தேகமில்லை. அந்நாட்டின் ஹன்டர்ஸ் அணி 2014-ல் குயின்ஸ்லாந்துப் போட்டியில் சேர்ந்து 2017-ல் பட்டம் வென்றது. அந்த அணியில் ஆடிய ஜஸ்டின் ஓலம், லே நகரில் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டே பந்தையும் பிடித்தவர். 2020-ல் மெல்பர்னோடு பட்டம் வென்றார். அவர் பெயர் வாங்கியது ஓட்டத்தால் மட்டுமல்ல, எதிரில் வருபவரை நிலைகுலைய வைக்கும் மோதலால். அதுதான் அவர் நாட்டு ஆட்டத்தின் பாணி. அங்கே கூட்டம் எழுந்து நின்று கத்துவதும் அதற்காகத்தான். அந்த மோதலுக்கு நடுவரின் விசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிவாளம் போட்டுவரும் நேரத்தில் 2028-ல் அவர்களுடைய அணி களமிறங்குகிறது.