அமிலத்தைத் தாங்குவது டைட்டானியமா?

“டைட்டானியம் அமிலத்தோடு வினைபுரியாத உலோகம்.” மாணவர்கள் பலர் எழுதும் இந்த விடைக்கு நானாக இருந்தால் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

மின்முனை அழுத்த அட்டவணையைப் பாருங்கள். இரும்பு -0.44 வோல்ட்டில் நிற்கிறது, டைட்டானியமோ -1.63 வோல்ட்டில், துத்தநாகத்துக்கும் கீழே. அதாவது, வினைபுரிய இரும்பைவிடத் துடிக்கும் உலோகம் அது. காற்றோ நீரோ பட்டவுடனேயே ஆக்சிஜனோடு சேர்ந்து, மேலே சில நானோமீட்டர் தடிமனில் டைட்டானியம் டையாக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மூடிக்கொள்ளும். அமிலத்தைத் தாங்குவது இந்தப் படலமே.

ஆகவே எந்த அமிலம் என்று கேட்காமல் விடை சொல்ல முடியாது. நைட்ரிக் அமிலம் ஆக்சிஜனேற்றி என்பதால் படலத்தைப் பேணுகிறது. சூடான, அடர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலமோ படலத்தைக் கரைத்துவிடும். பிறகு உலோகமும் கரைந்து, கரைசல் ஊதா நிறமாகும்.

வேடிக்கை என்னவென்றால், அமிலத்தில் சிறிதளவு இரும்பு(III) அயனியோ செம்பு(II) அயனியோ கலந்திருந்தால் அரிப்பு பெருமளவு அடங்கிவிடும். அசுத்தமே காவல்! நிக்கல் தாதுவைச் சுமார் 250 பாகை செல்சியஸில் கந்தக அமிலத்தால் கரைக்கும் ஆலைகளில், அழுத்தக் கலன்களின் உட்புறத்துக்கு டைட்டானியத் தகட்டை நம்புகிறார்கள். தாதுவிலிருந்து கரையும் இரும்பு அயனிகள் அங்கே துணை நிற்கின்றன.

ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்திடம் மட்டும் இந்தப் பாச்சா பலிக்காது. நீர்த்த நிலையிலேயே அது படலத்தைக் கரைத்துவிடும்.