காருக்கு 'கெத்து' வீல் மாட்டப் போறீங்களா? அளவு தப்பினால் ஆபத்து!

தூத்துக்குடி:-

ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்கு பேர் போன தூத்துக்குடி, இன்று கார் தயாரிக்கும் ஊராகவும் ஆகி விட்டது. சில்லாநத்தம் சிப்காட்டில் வின்பாஸ்ட் மின்சார கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்டு 4-ந் தேதி திறக்கப்பட்டது. ஊரில் கார் பெருகப் பெருக, "பெரிய வீல், அகல டயர் போட்டாத்தான் வண்டி கெத்து" என்ற மோகமும் பெருகுகிறது. கடனை வாங்கி கார் எடுத்தவர்கள், அதற்கு மேலும் கடன்பட்டு அலாய் வீல் மாட்டுகிறார்கள். ஆனால் அளவு தப்பினால் பணமும் போகும், உயிருக்கும் ஆபத்து.

கதவை திறந்து பாருங்க

எந்த அளவு சரி என்பதை கம்பெனியே எழுதி ஒட்டியிருக்கிறது. டிரைவர் பக்க கதவை திறந்தால் அந்த ஸ்டிக்கர் தெரியும். உதாரணமாக 185/65 ஆர்15 88எச் என்று இருக்கலாம். 185 என்பது டயரின் அகலம், மில்லி மீட்டரில். 65 என்றால், அந்த அகலத்தில் 65 சதவீதம் டயரின் பக்கவாட்டு உயரம். 15 என்பது ரிம் அளவு, அங்குலத்தில். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் அதிகபட்ச வேகம் 210 கிலோ மீட்டர்.

வீல் பெரிசானாலும், டயரோட சேர்த்து மொத்த உயரம் மாறக்கூடாது. இதுதான் முக்கியமான கணக்கு. மாருதி ஸ்விப்ட் காரையே பாருங்க. குறைந்த விலை மாடலுக்கு 165/80 ஆர்14, விலை கூடிய மாடலுக்கு 185/65 ஆர்15 என்று கம்பெனியே கொடுத்தது. ரிம் ஒரு அங்குலம் கூடியும் மொத்த உயர வித்தியாசம் வெறும் 2 மில்லி மீட்டர்தான்.

அதே காரில் பந்தாவுக்காக 205/60 ஆர்16 மாட்டினால் உயரம் 5 சதவீதம் ஏறி விடும். மீட்டர் 80 காட்டும்போது, வண்டி முன்பு ஓடியதை விட 4 கிலோ மீட்டர் கூடுதலாக ஓடும். பிக்கப் குறையும், பிரேக் பிடிக்க கூடுதல் தூரம் ஓடும். வளைவில் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசும்.

பாரம் தாங்கும் எண்ணையும் குறைக்கக்கூடாது. மின்சார காரில் பேட்டரி எடை அதிகம் என்பதால் அதற்கு இன்னும் கவனம் தேவை.

ரிம் வாங்கும்போது உஷார்!

நட்டு ஓட்டைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் அச்சாக பொருந்த வேண்டும். நடு ஓட்டை லூசாக இருந்தால் வேகம் எடுக்கும்போது ஸ்டீயரிங் ஆடும். வீல் ரொம்ப வெளியே தள்ளி நின்றால் பேரிங் சீக்கிரம் காலி. அந்த ரிம்முக்கு உரிய நட்டையே போடணும். மாட்டி 50, 100 கிலோ மீட்டர் ஓடியதும் நட்டை ஒரு தடவை சரி பார்க்கணும்.

உப்புக்காத்தும் லாரி ரோடும்

முத்தையாபுரம், முள்ளக்காடு, தருவைகுளம் பக்கம் எங்கும் உப்பளம். பூச்சு உரிந்த அலாய் ரிம்மில் உப்புக்காத்து பட்டால் வெள்ளையாக பூத்து அரிக்கும். விளிம்பு அரித்தால் டயரில் காத்து நிற்காது. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவணும்.

துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடி பள்ளம் விழுகிறது. பக்கவாட்டு உயரம் குறைந்த டயர் பள்ளத்தில் இறங்கினால் அடி நேரா ரிம்முக்குத்தான். ரிம் நெளியும், டயரில் வீக்கம் வரும்.

மழையை மறந்து விடக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டி மீட்டர் கொட்டியது. தண்ணீர் நிற்கும் ரோட்டில் அகல டயர் சீக்கிரம் மிதந்து வழுக்கும்.

சட்டம் என்ன சொல்லுது?

பதிவு சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு தடுக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த சட்ட திருத்தப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதை காரணம் காட்டி இழுத்தடிக்கலாம்.

வாடகை கார் ஓட்டி பிழைப்பவருக்கு இது பெரிய இடி. ஒரு வாரம் வண்டி நின்றாலும் தவணை நிற்காது.

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குறவங்க பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணை பாருங்க. 2324 என்றால் 2024-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. காரில் டயர் பட்டன் 1.6 மில்லி மீட்டருக்கு கீழே தேய்ந்தால் ஓட்டக்கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம் இருக்கணும்.

மாற்றியே தீரணும் என்றால், உங்க கார் மாடலுக்கு கம்பெனியே கொடுத்த இன்னொரு அளவை மட்டும் போடுங்க. அதுவே சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் நல்லது. கெத்து காட்டுறது ரெண்டு நாள், தவணை கட்டுறது அஞ்சு வருஷம்!