மாத்திரை வாங்கிக் கொடுத்த கைகள்

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்தால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அதே ஊரில் நாளெல்லாம் குனிந்து களையெடுத்த பெண்கள், பொழுது சாய இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெடிக்கல் கடை வாசலில் நிற்பார்கள். உள்ளூர்க்காரர்களான நாமே அதைப் பார்க்காமல் கடந்து போனோம்.

என் பெரியம்மா பீடி சுற்றினாள். மடியில் சுளகு, சுளகின் ஓரத்தில் கத்தரி, நூல்கண்டு, பக்கத்தில் சின்னக் காகிதப் பொட்டலம். "ஏல, மேலு வலிக்கி. ரெண்டு செட்டு மாத்திரை வாங்கிட்டு வா" என்பாள். ஓடிப்போய் வாங்கி வந்தது நான்தான். எத்தனை வருஷம் என்று கணக்கில்லை. கால் வீங்கியபோது, உட்கார்ந்தே இருப்பதால் என்றோம். முகம் உப்பியபோது, தூக்கம் பத்தவில்லை என்றோம். கடைசியில் தென்காசிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. "என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. அதன்பின் வாரம் மூன்று நாள், தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ்.

டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் சுரப்பதைத் தடுத்துத்தான் வலியைக் குறைக்கின்றன. உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருங்கவிடாமல் காப்பதும் அதே பொருள்தான். காட்டில் ஒதுங்க மறைவிடம் இல்லையென்று தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நின்றவள், வீட்டுக்கு வந்து இந்த மாத்திரையைப் போட்டால் என்ன ஆகும்? சர்க்கரையோ பிரஷரோ இருந்தால் ஆபத்து இன்னும் கூடும். சிறுநீரகம் வலித்துக் காட்டாது. பெரும்பகுதி கெட்ட பிறகுதான் நமக்குத் தெரியும்.

மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது 2004-இல் தெரியவந்தது. 2006-இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தும் நாம் பாடம் படிக்கவில்லை. மனிதருக்கும் டாக்டர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது சட்டம். சீட்டு கேட்காமல் கொடுத்தோம். சீட்டு இல்லாமல் வாங்கினோம். கூலி கொடுத்தவர்கள் நிழலும் கழிப்பிடமும் கொடுக்கவில்லை. படித்த பிள்ளைகள் அட்டையைத் திருப்பிப் படிக்கவில்லை. பெண்கள் வலி என்றால், "வயசானா அப்படித்தான்" என்று வாயடைத்தோம். இதில் பங்கில்லாதவர் நம்மில் யாருமில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் சுளகு ஓரத்தில், தலையணைக்கு அடியில் பாருங்கள். பொட்டலம் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு, அம்மாவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் போனபோது நேரம் கடந்துவிட்டது. நீங்கள் கடக்க விடாதீர்கள்.