கைத்தடியும் சின்னானும்

திருப்பதியில் அலிபிரி படியேறுகிறவர்களுக்குப் புதர் அசைந்தாலே சிறுத்தைதான். 2023 ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமியை அது கொன்ற பிறகு தேவஸ்தானம் பக்தர்களுக்குக் கைத்தடியே கொடுத்தது, பயம் நியாயம்தான். ஆனால் இதே சேஷாசலப் பாறைச் சரிவுகளில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்றொரு குருவி இருக்கிறது. சாணளவு உடம்பு, மஞ்சள் பூசிய கழுத்து, கூச்ச சுபாவம். தென்னிந்தியாவை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. சிறுத்தையோ ஆப்பிரிக்கா வரை உண்டு. சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே இடம்: அழிவாய்ப்பு இனம். கேமராவும் கூண்டும் தலைப்புச் செய்தியும் மட்டும் சிறுத்தைக்கு. சித்தூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றை அறுக்கும்போது சின்னானை யார் கேட்கிறார்கள்? நானே மூன்று முறை தேடிப் போய், பாறையிடுக்கில் மறைந்த மஞ்சள் வால்நுனியைத்தான் பார்த்தேன்.