அலாவுதீனுக்கு மீண்டும் ஒரு முகம்

மதரஸாவில் பாடம் நடத்துகிறவன் சினிமாவைப் பற்றி எழுதப் புகுந்தால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். படம் பார்ப்பதற்குக் கொட்டகைக்குச் சென்ற காலம் போய், கைப்பேசியின் வழியே படமே நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து அமர்ந்துவிட்டது. நாம் அதைப் பற்றிப் பேசாதிருப்பதால் அது எழுந்து போய்விடப் போவதில்லை. ஆகவே, திண்டிவனத்துச் சகோதரி ஒருவர் பெருநாள் விடுமுறையில் என்னிடம் கேட்ட கேள்வியையே இம்மாதம் எடுத்துக்கொள்கிறேன். "என் மூத்த மகள் பழைய கார்ட்டூன் அலாவுதீன்தான் உண்மையானது என்கிறாள். இளையவனோ மனிதர்கள் நடித்த புதிய படத்தைத்தான் பார்ப்பேன் என்று அடம் பிடிக்கிறான். ஒரே கதைக்கு இவ்வளவு சண்டை எதற்கு, ஹஜ்ரத்?"

இந்தச் சண்டை அந்த வீட்டுக் கூடத்தோடு முடிவதன்று, உலகெங்கும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம், தான் முன்னர்ச் சித்திரமாக வரைந்து வெளியிட்ட கதைகளை நடிகர்களைக் கொண்டு மீண்டும் எடுத்து வருகிறது. 2010இல் வெளியான 'ஆலிஸ்' 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்ததும் இப்போக்கு வேகம் பிடித்தது. 'சிண்ட்ரெல்லா', 'ஜங்கிள் புக்', 'அலாவுதீன்', 'சிங்க ராஜா', 'முலான்', 'குட்டிக் கடற்கன்னி', 'ஸ்னோ ஒயிட்' என வரிசையாக வந்தன. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வழக்கு உண்டு. சிறு வயதில் பழையதைப் பார்த்தவர்கள் புதியதைக் குறை கூறுவார்கள்; அவர்களே தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு முதல் வாரத்திலேயே கொட்டகைக்கும் செல்வார்கள். நிறுவனத்தார் நம்பி முதல் போடுவதும் இந்த இரட்டை மனத்தைத்தான்.

நம் நாட்டில் இதை நன்கு காட்டியது 'ஜங்கிள் புக்'. 1990களில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் மௌக்லியின் கதை இந்தியில் ஒளிபரப்பாகியது. அது ஜப்பானியர் வரைந்த தொடர். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் அப்போது தொலைக்காட்சி இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தி ஒரு சொல்லும் விளங்காத நாங்கள், குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த அதன் தொடக்கப் பாடலை மட்டும் பிழையாகவேனும் முழுவதும் பாடுவோம். 2016இல் டிஸ்னி மனிதச் சிறுவன் ஒருவனை வைத்து அக்கதையை எடுத்தபோது, அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்னதாக, ஏப்ரல் 8 அன்றே இந்தியாவில் வெளியிட்டது. இந்திப் பதிப்பில் ஷேர்கான் புலிக்குப் பழைய தொடரில் குரல் கொடுத்த நானா படேகரையே மீண்டும் அழைத்தார்கள். விளம்பரத்துக்கு அந்தப் பழைய பாடலையே மறுபடியும் பதிவு செய்தார்கள். டிஸ்னியின் 1967ஆம் ஆண்டுச் சித்திரப் படத்தை நம்மில் பார்த்தோர் சிலரே. நம்மவர் நெஞ்சில் இருந்தது ஜப்பானியத் தொடர் என்பதை நிறுவனம் கணக்கிட்டு வைத்திருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் பேசிய அப்படம் இந்தியாவெங்கும் பெரும் வெற்றி பெற்றது. மத்தியப் பிரதேசத்துக் காட்டில் நடக்கும் அக்கதை முழுவதும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்டது. அதிலிருந்த ஒரு மரமும் நம் நாட்டு மரமன்று! விலங்குகள் முப்பரிமாணத்தில் பாய்ந்து வருவது சிறுவர்களை அச்சுறுத்தும் என்று தணிக்கை வாரியம் 'யு/ஏ' சான்று கொடுத்ததும், அதைப் பலர் நகையாடியதும் அப்போது செய்தியாயின.

2019 ஜூலையில் வந்த 'சிங்க ராஜா' வேறொரு குறையைச் சந்தித்தது. சிம்பாவுக்குச் சித்தார்த்தும், வஞ்சகச் சித்தப்பன் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும், மறைந்த மனோபாலா போன்றோர் மற்ற உயிரினங்களுக்கும் தமிழில் பேசியதால் நம் பிள்ளைகளுக்கு அது சொந்தப் படம் போலாயிற்று. ஆனால் 1994ஆம் ஆண்டுச் சித்திரப் படத்தில் தகப்பனை இழந்த குட்டிச் சிங்கத்தின் முகத்தில் கண்ட துயரம், நிஜச் சிங்கம் போலவே கணிப்பொறியில் செய்யப்பட்ட முகத்தில் காணப்படவில்லை என்று விமர்சகர்கள் எழுதினார்கள். நியாயமான பேச்சே. சிங்கத்துக்கு அழத் தெரியாது; வரைபவனுக்குத்தான் அதை அழவைக்கத் தெரியும். இருந்தும் அப்படம் 160 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது.

பழகிய கதைக்குப் புதிய முகம் வந்தால் மனம் ஒப்பாதது நம் மண்ணுக்கும் புதிதன்று. திண்டிவனத்திலிருந்து மேற்கே சென்றால் செஞ்சிக் கோட்டை. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட இளைஞன் தேஜ்சிங்கின் வரலாறு, தேசிங்குராஜன் கதையாக இப்பகுதிக் கிராமங்களில் பாடப்பட்டும் கூத்தாக ஆடப்பட்டும் வந்தது. தோழனின் ஓலை வந்ததும் தன் திருமணச் சடங்கை விட்டெழுந்து போர்க்களம் புகும் முஸ்லிம் வீரனும் அக்கதையில் உண்டு. 1960இல் 'ராஜா தேசிங்கு' என்ற பெயரில் அது திரைக்கு வந்தபோது, ராஜாவும் தோழனும் ஆகிய இரு வேடங்களையும் எம்.ஜி.ஆரே ஏற்றார். கூத்துப் பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர், "குதிரை மட்டும் சரியாக இருந்தது" என்று என்னிடம் கூறியதுண்டு. விடிய விடியக் கேட்டுத் தம் மனத்தில் அவர் வரைந்து வைத்திருந்த தேசிங்குக்கு எந்த நடிகரின் முகமும் பொருந்தவில்லை.

இனி அலாவுதீனுக்கு வருவோம். நம் பாட்டன்மாருக்கு அராபிய இரவுகளின் உலகைக் காட்டியது டிஸ்னி அன்று. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் வண்ணத்தில் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அடுத்த ஆண்டு நாகேஸ்வரராவும் அஞ்சலிதேவியும் நடித்த அலாவுதீன் கதை, 1960இல் 'பாக்தாத் திருடன்' ஆகியவையே காட்டின. 1979இல் கமல்ஹாசன் அலாவுதீன் ஆனார். அந்தப் படங்களின் பாக்தாத் நம்மவர் செய்த பாக்தாத். அரபியும் தமிழே பேசினான். அரண்மனையில் நம் நாட்டியமே நடந்தது. அதில் பொய் ஏராளம். ஆனால் இழிவு செய்யும் எண்ணத்தை நான் காணவில்லை.

1992இல் வெளியான டிஸ்னியின் சித்திரப் படம் அத்தகையதன்று. தொடக்கப் பாட்டிலேயே, முகம் பிடிக்காவிட்டால் காதை அறுத்துவிடும் நாடு இது என்று ஒட்டகத்தின் மேல் வருபவன் பாடினான். கதாநாயகனும் நாயகியும் அமெரிக்கரைப் போலப் பேசினார்கள். கடைக்காரர்களும் காவலர்களும் கோணல் முகத்தோடு, கொச்சையான ஒலியோடு பேசினார்கள். பசித்த சிறுவனுக்கு ஓர் ஆப்பிளை எடுத்துக் கொடுத்ததற்காக இளவரசியின் கையையே வெட்ட ஒருவன் வாளை ஓங்கினான். பஞ்ச காலத்தில் கலீபா உமர் (ரலி) அவர்கள் திருட்டுக்கான தண்டனையை நிறுத்தி வைத்த வரலாற்றைப் படித்த எவருக்கும் அக்காட்சி உறுத்தும்.

அமெரிக்காவில் வாழும் அரபு மக்கள் வாளாவிருக்கவில்லை. பாகுபாட்டை எதிர்க்கும் அவர்களுடைய அமைப்பு முறையீடு செய்தது. பின்னாளில் 900க்கும் மேற்பட்ட அமெரிக்கப் படங்களை ஆராய்ந்து, அரபியர் அவற்றில் எவ்வாறு காட்டப்பட்டனர் என்று நூல் எழுதிய பேராசிரியர் ஜாக் ஷாஹீனும் அப்போது குரல் கொடுத்தார். 1993இல் வீடியோ நாடா வெளியானபோது காதறுக்கும் வரி நீக்கப்பட்டது. ஆனால் அந்நாட்டைக் காட்டுமிராண்டித்தனமானது என்று கூறும் அடுத்த சொல் அப்படியே நின்றது. அந்த ஒரு சொல் மாறுவதற்கு 2019வரை, 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. புதிய படத்தில் அதனிடத்தில் 'குழப்பமானது' என்ற பொருள் தரும் சொல்லைப் பாடுகிறார்கள். ரசிகர்களின் கூச்சலால் ஒன்றும் ஆகாது என்போர் இதைக் கவனிக்க வேண்டும். உடனே ஆகிவிடும் என்று நம்புவோரும் கவனிக்க வேண்டும்.

ஒரு வரிக்கு இவ்வளவு வழக்கா என்று கேட்கலாம். படத்தில் வரும் நகரத்தின் பெயர் அக்ரபா. முதலில் பாக்தாத் என்றே வைக்க எண்ணியிருந்தார்கள். 1991இல் வளைகுடாப் போர் மூண்டதால் கற்பனைப் பெயராக மாற்றினார்கள். 2015 டிசம்பரில் அமெரிக்கக் கருத்துக் கணிப்பு நிறுவனம் ஒன்று, 'அக்ரபாமீது குண்டு வீசுவதை ஆதரிக்கிறீர்களா?' என்று வாக்காளர்களிடம் கேட்டது. குடியரசுக் கட்சியினரில் 30 விழுக்காட்டினரும் ஜனநாயகக் கட்சியினரில் 19 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். கார்ட்டூனில் மட்டுமே உள்ள ஊர்! பெயரின் ஒலியே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

2019 மே 24 அன்று, நோன்பு மாதத்தில், புதிய படம் வெளியாயிற்று. கெய்ரோவில் பிறந்து கனடாவில் வளர்ந்த மேனா மசூது அலாவுதீனானார். இளவரசியாக வந்த நவோமி ஸ்காட்டின் தாயார் உகாண்டாவில் வாழ்ந்த குஜராத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அரபுப் பெண் ஒருத்தி கிடைக்கவில்லையா, இந்தியரும் அரபியரும் இவர்களுக்கு ஒன்றுதானா என்று பலர் கேட்டார்கள். துணை நடிகர் சிலருக்குத் தோல் நிறத்தைக் கருமையாக்க மை பூசினார்கள் என்ற செய்தி 2018 ஜனவரியில் வெளியாகி, நிறுவனம் அதற்கு விளக்கம் கூற நேர்ந்தது. நீல நிறத்தில் ஜின்னாக வந்த வில் ஸ்மித்தை முன்னோட்டத்தைப் பார்த்தவர்கள் கேலி செய்தார்கள். படம் வந்தபின் அவர்களில் பலர் அவரையே புகழ்ந்தார்கள். அமெரிக்க முஸ்லிம் அமைப்பொன்று, இக்கதையின் பின்னணியிலுள்ள இனவெறுப்பை விமர்சகர்கள் சுட்டிக்காட்ட வேண்டும் என்று அறிக்கை விட்டது. வசூலோ 100 கோடி டாலரைத் தாண்டியது.

இவ்வளவு வழக்குக்கும் மூலமான கதைதான் எது? அராபிய இரவுகளின் பழைய அரபுச் சுவடிகளில் அலாவுதீன் இல்லை. அலெப்போ நகரத்து மரோனிய கிறிஸ்தவரான ஹன்னா தியாப் என்பவர் 1709இல் பாரிசில் கலாந்து என்ற பிரெஞ்சு அறிஞருக்குச் சொன்ன கதை அது, 1712இல் அச்சேறியது. அதில் அலாவுதீன் சீன நாட்டுத் தையற்காரரின் மகன்! சென்ற நூற்றாண்டுக்கு முந்திய ஆங்கிலேய ஓவியர்கள் அவனைச் சீன உடையில், பின்னிய குடுமியோடு வரைந்தார்கள். ஓதவரும் பிள்ளைகளிடம் ஒருநாள் அலாவுதீனை வரையச் சொன்னேன். வந்த படங்கள் எல்லாவற்றிலும் கையில்லாத ஊதா நிறச் சட்டை, தோளில் குரங்கு. அந்தக் குரங்கு ஹன்னா தியாபுக்குத் தெரியாது, டிஸ்னி வளர்த்தது. அக்ரபா வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டான். பஸ்ராவுக்குப் பக்கத்திலா என்றான் மற்றொருவன்.

2023இல் வந்த 'குட்டிக் கடற்கன்னி'யில் கறுப்பினப் பெண் ஹாலி பெய்லி நடித்தபோது, கடற்கன்னி வெள்ளைத் தோலும் சிவந்த கூந்தலும் உடையவள் என்று பெரியவர்கள் கொதித்தெழுந்தார்கள். மீனும் மனிதரும் கலந்த பிறவிக்கு நிறப் பொருத்தம் பார்த்த அந்த அறிவை என்னென்பது! அதே முன்னோட்டத்தைக் கண்ட கறுப்பினச் சிறுமிகள், "இவள் என்னைப் போல் இருக்கிறாளே" என்று வியந்த முகங்களைத் தாய்மார்கள் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார்கள். நடிகர் தேர்வு எதற்கு என்பதை எனக்கு விளக்கியது அந்தச் சிறுமிகளின் முகங்களே.

2025இல் வந்த 'ஸ்னோ ஒயிட்'டில் வழக்கு கதையை விட்டே வெளியேறிவிட்டது. நாயகி ரேச்சல் செக்லர் பாலஸ்தீனத்துக்கு ஆதரவாக எழுதியது ஒரு சாராருக்குப் பிடிக்கவில்லை. மாற்றாந்தாயாக நடித்த கால் கடோத் இஸ்ரேலியப் படையில் பணியாற்றியவர் என்பது மறுசாராருக்குப் பிடிக்கவில்லை. லெபனானில் படத்துக்குத் தடையே விதித்தார்கள். படம் தோற்றது. அதன் தோல்விக்கு இருசாராரும் உரிமை கொண்டாடினார்கள். கதை சலிப்பூட்டியது என்பது என் எண்ணம்.

இவற்றுள் நம் இல்லத்தார் அறிய வேண்டியது 2020 செப்டம்பரில் வெளியான 'முலான்'. 1998ஆம் ஆண்டுச் சித்திரப் படத்தில் வந்த பாடல்களும் வேடிக்கை டிராகனும் இல்லையே என்ற வருத்தந்தான் முதலில் எழுந்தது. பிறகு சிலர் படத்தின் முடிவில் ஓடும் நன்றிப் பட்டியலைப் படித்தார்கள். அதில் சீனாவின் சின்ஜியாங் மாநிலத்துத் துர்ஃபான் நகரப் பொதுப் பாதுகாப்புத் துறைக்கும் நன்றி கூறப்பட்டிருந்தது. பத்து இலட்சம் பேர்வரை உய்கூர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருப்பதாக ஐ.நா. குழுவின் உறுப்பினர்கள் 2018லேயே கவலை தெரிவித்த மாநிலம் அது. புறக்கணிப்புக் குரல் எழுந்தது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் நிறுவனத்துக்கு விளக்கம் கேட்டு எழுதினார்கள். இடம் கொடுத்தவர்களுக்கு நன்றி கூறுவது வழக்கமே என்றும், அது தங்களுக்குப் பல சிக்கல்களை உண்டாக்கிவிட்டது என்றும் நிறுவனத்தின் நிதித் தலைவர் கூறினார். நம் வீடுகளில் படம் முடிந்த மறுகணமே கைப்பேசி அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறது. அந்தப் பட்டியலில் துர்ஃபான் என்ற பெயர் கடந்து போனதை இங்கே பார்த்தவர் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.