குதிரை பார்க்கப் போன எங்களுக்கு

“ரிசோர்ட் இல்லை, சனநெரிசல் இல்லை, காலம் உறைந்துபோன தீவு.” நெடுந்தீவுக்குப் போய்வந்த எங்கட பட்ச் பெடியன் ஒருத்தன் போட்ட பதிவு. கீழே இருநூறு ஹார்ட். போன லீவில் நானும் இப்படித்தான் ஏதோ எழுதிப் போட்டேன். பிறகு அழித்துவிட்டேன்.

காலமை குறிகட்டுவானில் எட்டுப் பேராய்ப் போட் ஏறினோம். ஒரு மணித்தியாலக் கடல். முந்தியடித்து இருக்கை பிடித்தது நாங்கள். ரீச்சர்மார் நின்றுகொண்டு வந்தார்கள். கிளினிக் கொப்பியும் மருந்துப் பையுமாய் ஒரு ஆச்சி கீழே குந்தியிருந்தார். பாதி வழியில்தான் கண்டேன். எழும்பி இடம் கொடுக்க, “குதிரை பாக்கவே பிள்ளையள் போறியள்?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் குத்தினது. எங்களுக்கு ட்ரிப். அவருக்கு அது பஸ், கடல் பொங்கினால் ஓடாத பஸ்.

பவளக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, ஆள் உள்ளே நுழையக்கூடிய பெருக்கமரம். எல்லாம் வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் பூட்டின வீடுகளையும் வெறும் வளவுகளையும் ‘அமைதி’ என்று படமெடுத்தோமே, அது ஆக்கள் விட்டுப்போன வெறுமை. நல்ல தண்ணிக்குத் தட்டுப்பாடு. பெரிய வருத்தமென்றால் கடல் தாண்ட வேணும். வலை போட்டால் இந்திய இழுவைப்படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. போகக்கூடியவர்கள் போய்விட்டார்கள். நாங்கள் தேடிப்போன குதிரைகளே கடும் வரட்சியில் தண்ணியில்லாமல் செத்திருக்கின்றன. இதுக்குப் பெயர் ‘தீண்டப்படாத அழகு’ என்றால், ‘கைவிடப்பட்டது’ என்ற சொல்லை எதுக்கு வைத்திருக்கிறோம்?

மாவிலித்துறையில் இறங்கினால் கிட்டத்தான் குமுதினி நினைவுத்தூபி. 1985 மே 15, நாங்கள் வந்த அதே கடலில் குமுதினிப் படகை மறித்து, குழந்தைகள் உட்பட ஆகக்குறைந்தது 23 பேரை வெட்டிக் கொன்றார்கள். நாங்கள் அதைத் தாண்டி வாகனம் பிடிக்க ஓடினோம். நினைவுகூரல் பற்றிக் கம்பஸில் மணிக்கணக்காய்க் கதைக்கிற நானும்தான். என்ர போனில் குதிரைப் படம் நாற்பது இருக்கு. தூபியின் படம் ஒன்றுகூட இல்லை.

“நாங்கள் போனால் சனத்துக்கு வருமானம்தானே?” கணக்குப் பார்ப்போம். சோத்துப் பார்சல், தண்ணிப் போத்தல், மிக்சர் எல்லாம் யாழ்ப்பாணத்தில் வாங்கினது. தீவில் கொடுத்தது வாகனக் கூலி மட்டும். விட்டுவிட்டு வந்தது வெறும் போத்தல்கள். “அப்ப ரிசோர்ட் கட்டச் சொல்லுறியோ?” ஐயோ, இல்லை. பாசிக்குடாவில் ஹொட்டேல்கள் வரிசையாய் வர, மீனவருக்குக் கரை சுருங்கினதைத்தான் பார்த்தோமே. ஆனால் ஒன்று, ரிசோர்ட்டுக்குப் போறவன் தான் ரிசோர்ட்டுக்குப் போறான் என்று ஒத்துக்கொள்கிறான். நாங்கள் அவனைவிட மேல் என்று பெருமையடித்துக்கொண்டு, ஆச்சியின் இருக்கையில் இருந்து போகிறோம்.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊராக்களும் ரீச்சர்மாரும் ஏறின பிறகு ஏறுங்கோ. இடமில்லையென்றால் அடுத்த போட்டைப் பாருங்கோ, ஒரு சூரிய அஸ்தமனம் தவறினால் ஒன்றும் ஆகாது. மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே காசு கொடுத்துச் சாப்பிடுங்கோ. போத்தலைத் திருப்பிக் கொண்டுவாங்கோ. தூபியடியில் கொஞ்ச நேரம் நில்லுங்கோ. பிறகு பதிவு போடுங்கோ. “நெடுந்தீவுக்கு இன்னும் போட் வேணும்” என்று அதில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு நேரம் எடுக்கும்?