மேடை கலைந்த மறுநாள் காலை: சம்மாந்துறையில் வாய்ப்புற்றுநோயை யார் பாடுவது?

ரொக் இசைக்குழுக்கள் ஒரு நோய்க்காக மேடையேறிய நிகழ்ச்சிகளில் உலகம் இன்றும் நினைவில் வைத்திருப்பது, 1992 ஏப்ரல் 20ஆம் திகதி லண்டன் வெம்பிளி மைதானத்தில் நடந்த நிகழ்ச்சியைத்தான். 'குயின்' குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி, தனக்கு எயிட்ஸ் இருப்பதை 1991 நவம்பர் 23ஆம் திகதி பகிரங்கமாக அறிவித்தார். மறுநாளே இறந்துபோனார். ஐந்து மாதங்களின் பின் அவரது சகாக்களுடன் மெட்டாலிகா, டெஃப் லெப்பர்ட், கன்ஸ் அன் ரோசஸ் ஆகிய குழுக்களும் சேர்ந்து சுமார் 72,000 பேர் முன்னிலையில் இசைத்தன. கிடைத்த பணத்தில் எயிட்ஸுக்கு எதிராக இயங்கும் மெர்க்குரி பீனிக்ஸ் அறக்கட்டளை உருவானது.

ஊடகக் கற்கைநெறி படித்த காலத்தில் அந்தப் பதிவைப் பார்த்தேன். கிட்டாரை விட என் மனதில் நின்றது வேறொன்று. நடிகை எலிசபெத் டெய்லர் ஒலிவாங்கி முன் வந்து, தம்மைக் காத்துக்கொள்வது எப்படி என்று இளைஞர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். எயிட்ஸைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்துகள் 1996 அளவில்தான் வந்தன. அதுவரை பலருக்கு அறிவு மட்டுமே கவசம். பாட்டுக் கேட்க வந்த கூட்டம், வீட்டில் யாரும் சொல்லாத ஒரு செய்தியோடு திரும்பிப் போனது.

நமது கரையோரத்தில் அப்படி உரத்துச் சொல்லப்பட வேண்டிய செய்தி எது என்று கேட்டால், வாய்ப்புற்றுநோய் என்பேன். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் அதுதான். சம்மாந்துறை வயலில் வேலை செய்பவரும், கல்முனைக் கடலில் இரவு முழுக்க வலையோடு இருப்பவரும் களைப்புக்கும் பசிக்கும் வெற்றிலையைத்தான் மடிக்கிறார்கள். கல்யாண வீட்டிலும் வெற்றிலைத் தட்டு, செத்த வீட்டிலும் வெற்றிலைத் தட்டு. தமிழர் வீடு, முஸ்லிம் வீடு என்ற வித்தியாசம் இதில் இல்லை.

"புகையிலை போடாவிட்டால் பயமில்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம், பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கம் ஆகியவை முன்கூட்டியே தெரியும் அடையாளங்கள். இவற்றைப் பார்க்க இரத்தப் பரிசோதனை தேவையில்லை. அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியர் சில நிமிடங்களில், காசு வாங்காமல் பார்த்துவிடுவார். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். பிந்தினால் தாடையை வெட்ட நேரும், சிலவேளை உயிரே போகும்.

அப்படியானால் இங்கும் ஒரு ரொக் மேடை போட்டால் என்ன? கொழும்பில் ஸ்டிக்மாட்டா போன்ற குழுக்களுக்கு இளைஞர் கூட்டம் உண்டு. ஆனால் வெற்றிலை போடும் ஐம்பது வயதுக்காரர் அந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டார். சம்மாந்துறையில் வாத்திய இசை கூடுமா, கூடாதா என்ற மார்க்க விவாதமும் உண்டு. மேடை போட்டால் ஊர் அதைப் பற்றிப் பேசும், நோயைப் பற்றிப் பேசாது. இரவு மைதானத்துக்குப் பெண்கள் வருவதும் குறைவு.

ஊரிடம் சொந்தக் குரல்கள் இருக்கின்றன. நோன்பு காலத்தில் சஹர் நேரம் றபான் அடித்து பைத் பாடி ஊரை எழுப்பும் பக்கீர்மார், தாளத்தோடு கதை சொல்லும் பொல்லடிக் கலைஞர்கள், மரண அறிவித்தலை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி. பக்கத்துத் தமிழ்க் கிராமங்களில் வில்லுப்பாட்டும் கோயில் திருவிழா இசைக்குழுக்களும் இருக்கின்றன. வெம்பிளியில் இசைத்தவர்கள் அந்தக் கூட்டத்துக்கு ஏற்கெனவே நெருக்கமானவர்கள் என்பதால்தான் அவர்கள் சொன்னது எடுபட்டது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நெருக்கத்தை. கிட்டார் கட்டாயமில்லை.

அடுத்தது பணம். போர் முடிந்து இரண்டு வருடத்தில், 2011 ஜூலையில், 'ட்ரெயில்' என்ற பெயரில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் தூரத்தை 27 நாட்களில் நடந்தார்கள். தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை அமைப்பதற்கான நிதி நடை அது. காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்குப் பதில் இல்லாத காலத்தில் தெற்கிலிருந்து வந்த அந்த நடையை நம்மவர் சிலர் சந்தேகத்தோடு பார்த்ததில் நியாயம் இருந்தது. நீதிக்குப் பதிலாக எந்த வைத்தியசாலையும் ஆகாது. ஆனாலும் சேர்ந்த பணத்துக்கு ஒரு முகவரி இருந்தது, நோயாளர் இன்று அங்கே சிகிச்சை பெறுகிறார்கள். 2016இல் பருத்தித்துறையிலிருந்து எதிர்த்திசையில் நடந்து, காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்காக நிதி சேர்த்தார்கள்.

கிழக்கில் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன்னர் நம்மவர் 300 கிலோமீற்றருக்கும் அப்பால் மகரகமவுக்கு அலைந்தார்கள். இன்றும் சிகிச்சைக்குப் போய்வரும் நாட்களில் கூலியாளுக்கு நாட்சம்பளம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கும் இல்லை. நிகழ்ச்சி நடத்துவோர் பணம் சேர்த்தால் பஸ் காசுக்கும் அந்த நாட்களின் சாப்பாட்டுக்கும் கொடுக்கலாம். சிகிச்சைப் பிரிவும் மருந்தும் அரசின் கடமை. அதை நன்கொடையின் தலையில் கட்டிவிட்டு அரசு ஒதுங்க இடமளிக்கக் கூடாது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் ஒரே நகரில் இருக்கின்றன. எது யாருடையது என்று போரும் அரசியலும் நமக்குப் பழக்கிவிட்டன. வாய்ப் பரிசோதனை முகாம் ஒன்றை இரண்டும் சேர்ந்து நடத்தினால், வீரமுனையிலிருந்தும் சம்மாந்துறையிலிருந்தும் வருகிறவர்கள் ஒரே வரிசையில் நிற்பார்கள். 1990ஐ அது மறக்கடிக்காது, மறக்கடிக்கவும் வேண்டாம். தகப்பனின் வாயில் இருக்கும் புண்ணைக் காட்ட இடம் தேடும் பிள்ளைக்கு அந்த வரிசை போதும்.

ஆகவே விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்த நினைப்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு விடயம்தான். பாட்டு முடியும்போது எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறையில் பல் வைத்தியர் இருப்பார் என்று மேடையிலேயே சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, எத்தனை பேர் வந்து வாயைத் திறந்து காட்டினார்கள் என்ற எண்ணிக்கையை ஊருக்கு அறிவியுங்கள்.